ஒல்லியானவரின் குடல் பாக்டீரியாவை நம் குடலில் வைத்தால் எடை குறையுமா? 15 ஆண்டு ஆய்வுகளின் எண்கள் சொல்வது என்ன?

'ஒல்லியா இருக்கறவங்க குடல்ல இருக்கற பாக்டீரியாவை எடுத்து நமக்கு வச்சா, நாமளும் ஒல்லியாயிடலாமாம், சுகரும் குறைஞ்சிடுமாம்.' சமூக ஊடகங்களில் ஏதாவது ஒரு வடிவில் இந்தச் செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கேட்டதும் முகம் சுளிக்க வைக்கும் விஷயம்தான். ஏனென்றால், அந்த பாக்டீரியாவை எடுப்பது இன்னொருவருடைய மலத்திலிருந்து.

ஆனால் இது வெறும் வாட்ஸ்அப் வதந்தி கிடையாது. ஆம்ஸ்டர்டாம், பாஸ்டன், ஆக்லாந்து, ஹாங்காங் என்று பல நகரங்களில் மருத்துவர்கள் இதை மனிதர்களிடம் முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகளும் மருத்துவ இதழ்களில் வெளியாகியுள்ளன.

இந்தியாவுக்கு இது முக்கியமான கேள்வி. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய அந்த ஆய்வில், ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பகுதி பருமன் இருப்பதும் தெரியவந்தது. இத்தனை பேர் தீர்வு தேடும் நாட்டில், புதிதாக ஒரு சிகிச்சை வருகிறது என்றால் அதை விற்கவும் ஆள் வருவார்கள். எனவே எது நிரூபிக்கப்பட்டது, எது இன்னும் இல்லை என்பதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

சுருக்கமாக:

• ஒரு குறிப்பிட்ட குடல் தொற்றுக்கு இந்தச் சிகிச்சை மிக நன்றாக வேலை செய்கிறது. அதற்கு அனுமதியும் உண்டு.
• உடல் எடையைக் குறைப்பதில் இதுவரை நடந்த முக்கியச் சோதனைகள் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தந்துள்ளன.
• இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் சிலருக்கு, சில வாரங்களுக்கு, முன்னேற்றம் தெரிந்திருக்கிறது.
• ஆபத்து சிறியதல்ல. கொடையாளரைச் சரியாகப் பரிசோதிக்காததால் உயிரிழப்பே நடந்திருக்கிறது.

மல நுண்ணுயிரி மாற்று சிகிச்சை என்றால் என்ன?

ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக எஃப்.எம்.டி. என்று இதை அழைக்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை உப்புக் கரைசலில் கலந்து, வடிகட்டி, அதில் உள்ள நுண்ணுயிரிகளை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவதுதான் சிகிச்சை. கொலோனோஸ்கோபி குழாய் வழியாகப் பெருங்குடலுக்குள் விடலாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலுக்கு அனுப்பலாம். எனிமாவாகக் கொடுக்கலாம். உறைய வைத்து கேப்சூலாக விழுங்கவும் வைக்கலாம். கேப்சூலில் வாசனையோ சுவையோ தெரியாது.

யோசனை புதிதல்ல. 4-ம் நூற்றாண்டு சீனாவில் கே ஹாங் என்ற மருத்துவர், கடும் வயிற்றுப்போக்குக்கும் உணவு நஞ்சுக்கும் மனித மலத்திலிருந்து தயாரித்த மருந்தைக் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. நவீன மருத்துவத்தில் 1958-ல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும், தீவிர பெருங்குடல் அழற்சி இருந்த 4 நோயாளிகளுக்கு மல எனிமா கொடுத்து, அவர்கள் குணமானதைப் பதிவு செய்தார்கள்.

பெரிய திருப்பம் 2013-ல் வந்தது. க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி.டிஃப், என்று ஒரு பாக்டீரியா உண்டு. ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்துவிட்டால், காலியான இடத்தில் இது குடியேறும். விடாத வயிற்றுப்போக்கைத் தரும், சிலருக்கு உயிரையே பறிக்கும். மருந்து கொடுத்தால் போகும், நிறுத்தினால் திரும்ப வரும். நெதர்லாந்து மருத்துவர்கள் இப்படி மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்ட 16 பேருக்கு எஃப்.எம்.டி. கொடுத்தார்கள். ஒரே முறையில் 13 பேர் குணமானார்கள். இரண்டாவது முறையையும் சேர்த்தால் 15 பேர். வழக்கமான வேன்கோமைசின் மருந்து மட்டும் எடுத்துக்கொண்ட 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதன் தொடர்ச்சியாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் 'ரெபையோட்டா' என்ற எனிமா வடிவ மருந்துக்கும், 2023 ஏப்ரலில் 'வவ்ஸ்ட்' என்ற கேப்சூலுக்கும் அனுமதி கொடுத்தது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டுமே சி.டிஃப் தொற்று மீண்டும் வராமல் தடுக்க மட்டும்தான். எடைக்கோ சர்க்கரைக்கோ அனுமதி தரப்படவில்லை.

குடல் பாக்டீரியாவுக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்?

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. உடலின் சொந்த செல்களின் எண்ணிக்கைக்கு இது கிட்டத்தட்ட சமம். அத்தனையும் சேர்ந்தால் எடை சுமார் 200 கிராம்தான். பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

இவை மூன்று வழிகளில் நம் வளர்சிதை மாற்றத்தில், அதாவது சாப்பிட்டதை உடல் எரிப்பதிலும் சேமிப்பதிலும், கை வைக்கின்றன.

முதலாவது, நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத நாரை பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து, பியூட்ரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவை குடல் சுவருக்கு உணவாகின்றன. பசியை அடக்கும் ஹார்மோன்கள் சுரக்கவும் தூண்டுகின்றன.

இரண்டாவது, கசிவு. குடல் சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் மேலுறைத் துண்டுகள் ரத்தத்தில் கசியலாம். இதனால் உடலில் மெல்லிய அழற்சி நிரந்தரமாகி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும் என்பதை 2007-ல் எலிகளில் காட்டினார்கள்.

மூன்றாவது, பித்தநீர். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களை பாக்டீரியாக்கள் உருமாற்றுகின்றன. உருமாறிய அமிலங்கள் சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் கட்டுப்படுத்தும் சமிக்ஞைகளாகச் செயல்படுகின்றன.

ஆக, தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் தொடர்பு இருப்பதும், அதை மாற்றினால் எடை குறையும் என்பதும் ஒன்றல்ல. நடுவில் ஒரு பெரிய தூரம் இருக்கிறது.

எலிகள் கொடுத்த நம்பிக்கை

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வகத்திலிருந்துதான் இந்தக் கதை வேகம் எடுத்தது. பிறந்ததிலிருந்து எந்த நுண்ணுயிரியும் படாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு, சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவை 2004-ல் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. அதுவும் முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டும்கூட.

2006-ல் அடுத்த படி. குண்டான எலியின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளுக்கு உடல் கொழுப்பு 47 சதவீதம் கூடியது. ஒல்லியான எலியின் பாக்டீரியாவைப் பெற்றவற்றுக்கு 27 சதவீதம்.

2013-ல் மனிதர்களிடமிருந்தே எடுத்தார்கள். இரட்டையரில் ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருக்கும் நான்கு ஜோடிகளின் குடல் நுண்ணுயிரிகளை எலிகளுக்கு மாற்றினார்கள். பருமனானவரிடமிருந்து பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு அதிகமானது. இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும் பழக்கத்தால், 'ஒல்லி' பாக்டீரியாக்கள் மற்ற எலிக்கும் பரவி அது கொழுப்பு சேர்ப்பதைத் தடுத்தன.

இந்த ஆய்வைப் பகிர்கிறவர்கள் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு. கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த தீனி கொடுத்தபோதுதான் இந்த நன்மை கிடைத்தது. கொழுப்பு மிகுந்த, நார் குறைந்த தீனியில் 'ஒல்லி' பாக்டீரியாக்களால் வேரூன்றவே முடியவில்லை.

மனிதர்களில் என்ன ஆனது?

இங்கேதான் எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு ஆய்வைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் போதும். எத்தனை பேர்? எதை அளந்தார்கள்? எத்தனை நாள் நீடித்தது?

2012, ஆம்ஸ்டர்டாம். 18 ஆண்கள். எல்லோருக்கும் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்', அதாவது தொப்பை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புக் கோளாறு எல்லாம் கூட்டாக இருக்கும் நிலை. பாதிப் பேருக்கு ஒல்லியான கொடையாளரின் நுண்ணுயிரிகள். மீதிப் பேருக்கு அவரவர் மலமே திரும்ப. ஆறு வாரம் கழித்து முதல் குழுவில் இன்சுலின் உணர்திறனின் அளவு 26.2-லிருந்து 45.3-ஆக உயர்ந்தது. பியூட்ரேட் உருவாக்கும் பாக்டீரியாக்களும் கூடின. உலகச் செய்தியானது இந்த ஆய்வுதான். ஆனால் எடை குறையவில்லை.

2017, அதே ஆம்ஸ்டர்டாம் குழு. இந்த முறை 38 ஆண்கள். ஆறு வாரத்தில் இன்சுலின் உணர்திறன் கூடியது. 18 வாரத்தில் பார்த்தபோது அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. ஆரம்பத்தில் யாருடைய குடலில் நுண்ணுயிரி வகைகள் குறைவாக இருந்தனவோ, அவர்களுக்கே பலன் கிடைத்திருந்தது.

2020, அமெரிக்கா. பருமனான 22 பேருக்கு ஒல்லியான ஒரே கொடையாளரின் கேப்சூல் அல்லது போலி மாத்திரை. 12 வாரத்தில் பி.எம்.ஐ. அளவிலும், பசியைக் குறைக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோனிலும் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பாஸ்டனில் 24 பேருக்கு வாரம்தோறும் ஆறு வாரம் கொடுத்த இன்னொரு சோதனை. கொடையாளரின் பாக்டீரியாக்கள் குடலில் நன்றாகவே குடியேறின. ஆனாலும் இன்சுலின் உணர்திறன் குறிப்பிடும்படி மாறவில்லை.

2021, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். கடும் பருமன் உள்ள 70 பேர். கேப்சூலோடு நார்ச்சத்துத் தூளும் சேர்த்துக் கொடுத்தார்கள். எளிதில் நொதிக்காத நார் வகையை எஃப்.எம்.டி.யுடன் சேர்த்து எடுத்த குழுவுக்கு மட்டும் ஆறு வாரத்தில் இன்சுலின் நிலை முன்னேறியது. மற்ற குழுக்களுக்கு இல்லை.

2022, ஃபின்லாந்து. எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 41 பேர். எஃப்.எம்.டி. கொடுத்தும், அறுவைக்கு முன்பும் சரி, பின்பும் சரி, எடைக் குறைப்பில் கூடுதல் பலன் இல்லை.

எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பங்கேற்றவர்கள் எண்ணிக்கை எல்லாவற்றிலும் 18-லிருந்து 70-க்குள்தான். எடை குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை. இன்சுலினில் தெரிந்த பலனும் ஒரு சோதனையில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை.

ஒப்பிட ஒரு எண் வேண்டுமா? வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசியை 1,961 பேரிடம் 68 வாரங்கள் சோதித்தபோது, சராசரி எடைக் குறைப்பு 14.9 சதவீதம். போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு சிகிச்சை எடையில் வேலை செய்தால் எண்களில் அது எப்படித் தெரியும் என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

நியூசிலாந்து இளைஞர்கள்: கவனிக்க வேண்டிய விதிவிலக்கு

அப்போ எல்லாம் வீண்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஆக்லாந்தின் லிகின்ஸ் ஆய்வு நிறுவனம் 14 முதல் 18 வயது வரையிலான, பருமனான 87 பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. அவர்களில் 42 பேருக்கு நான்கு ஒல்லியான கொடையாளர்களின் நுண்ணுயிரிகள் அடங்கிய கேப்சூல்கள், 45 பேருக்குப் போலி மாத்திரை. இரண்டு நாளில் 28 கேப்சூல், ஒரே தவணை, அவ்வளவுதான்.

2020-ல் வெளியான முடிவில், ஆறு வாரத்தில் பி.எம்.ஐ. குறையவில்லை. ஆய்வின் முதன்மைக் கேள்வியே அதுதான். எனவே கணக்குப்படி இது தோல்வியடைந்த சோதனை.

ஆனால் இன்னொரு எண் எல்லோர் கண்ணையும் இழுத்தது. எஃப்.எம்.டி. குழுவில் ஆரம்பத்தில் 18 பேருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருந்தது. 26 வாரத்தில் அது 4 பேராகக் குறைந்தது. போலி மாத்திரை குழுவில் 13 பேர் 10 பேராகத்தான் குறைந்தார்கள். வயிற்றுப் பகுதிக் கொழுப்பும் சற்றுக் குறைந்திருந்தது.

அதே இளைஞர்களை நான்கு ஆண்டு கழித்துப் பார்த்த முடிவு 2025-ல் வெளியானது. பி.எம்.ஐ.யில் உறுதியான வித்தியாசம் அப்போதும் இல்லை. ஆனால் எஃப்.எம்.டி. எடுத்தவர்களின் இடுப்புச் சுற்றளவு சராசரியாக 10 செ.மீ. குறைவாகவும், உடல் கொழுப்பு சுமார் 5 சதவீதப் புள்ளிகள் குறைவாகவும் இருந்தது.

இது நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனாலும் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 18-லிருந்து 4 என்ற கணக்கு, சோதனை முடிந்த பிறகு தேடிப் பார்த்ததில் கிடைத்தது. நிறைய இடத்தில் தேடினால் எங்காவது ஒன்று தற்செயலாகவே தட்டுப்படும். இரண்டு, நான்கு ஆண்டு கழித்து வந்தவர்கள் 55 பேர்தான். மீதி 32 பேருக்கு என்ன ஆனது என்பது இந்த எண்களில் இல்லை. மூன்று, அந்தக் கட்டத்தில் யார் எதை எடுத்தார்கள் என்பது மறைக்கப்பட்டிருக்கவில்லை. 'எனக்குக் கிடைத்தது உண்மையான மருந்து' என்று தெரிந்தவரின் பழக்கவழக்கங்கள் மாறியிருக்கலாம். இதைப் பெரிய அளவில் மீண்டும் சோதித்து, அதே முடிவு வந்தால்தான் நம்பலாம்.

இன்னொரு வித்தியாசமான முயற்சி இஸ்ரேலில் நடந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் ஆறு மாதத்தில் எடை குறைத்த 90 பேரின் மலத்தை, எடை குறைந்த அந்த நேரத்திலேயே எடுத்து உறைய வைத்தார்கள். பிறகு அதையே கேப்சூலாக்கி, அவரவருக்கே பல மாதங்கள் கொடுத்தார்கள். இழந்த எடை திரும்பாமல் காக்குமா என்பதுதான் கேள்வி. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. ஆனால் கிரீன் டீ, தாவர உணவு மிகுந்த மத்தியதரைக்கடல் உணவு முறையில் இருந்தவர்களில், கேப்சூல் எடுத்தவர்களுக்கு இழந்த எடையில் 17 சதவீதம்தான் திரும்பியது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 50 சதவீதம் திரும்பியது. எலி ஆய்வு சொன்னதையே இதுவும் சொல்கிறது. நுண்ணுயிரியை மட்டும் மாற்றினால் போதாது, அதற்குப் போடும் சாப்பாடும் மாற வேண்டும்.

எலியில் நடந்தது மனிதரில் ஏன் நடக்கவில்லை?

அந்த எலிகளின் குடல் காலி மனை மாதிரி. முதலில் வருகிறவர்கள் அப்படியே குடியேறலாம். சி.டிஃப் நோயாளியின் குடலும் ஆன்டிபயாடிக்கால் ஏறக்குறைய காலியானதுதான். அதனால்தான் அங்கே சிகிச்சை அவ்வளவு நன்றாக எடுபடுகிறது.

பருமனான ஒருவரின் குடல் அப்படி இல்லை. பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் நுண்ணுயிரிகளால் அது நிரம்பி வழிகிறது. புதிதாக வருபவை அவற்றோடு போட்டி போட வேண்டும். போட்டியில் ஜெயித்தாலும், அதே பழைய உணவு தொடர்ந்தால் நாளடைவில் பழைய கூட்டமே திரும்பிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 18 வாரத்தில் பலன் மறைந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மனிதரின் எடையை மரபணு, தூக்கம், வேலை, மன அழுத்தம், மருந்துகள், கடையில் என்ன மலிவாகக் கிடைக்கிறது என்பது வரை பல விஷயங்கள் தீர்மானிக்கின்றன. கூண்டில் இருக்கும் எலிக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

ஆபத்துகள் என்னென்ன?

2019 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஆய்வுக்காக எஃப்.எம்.டி. பெற்ற, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்கு, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை தொற்று ஏற்பட்டது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். இருவருக்கும் ஒரே கொடையாளர். அவரது மலம் அந்த வகைக் கிருமிக்காகப் பரிசோதிக்கப்பட்டிருக்கவில்லை. 2020 மார்ச்சில், வேறு வகை ஈ.கோலை தொற்றுகள் பற்றியும் எச்சரிக்கை வந்தது.

இந்தியாவில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் இங்கே ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களின் குடலிலும் பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது, 'நல்லா திடகாத்திரமா இருக்கார்' என்பது கொடையாளராக ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போதாது. அமெரிக்காவின் மல வங்கி ஒன்றில், விண்ணப்பித்த நூறு பேரில் சுமார் மூன்று பேர்தான் எல்லாப் பரிசோதனைகளையும் தாண்டித் தேர்வானார்கள்.

எடை தொடர்பாகவே ஒரு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் 32 வயதுப் பெண் ஒருவருக்கு சி.டிஃப் தொற்றுக்காக அவரது 16 வயது மகளின் நுண்ணுயிரிகளைக் கொடுத்தார்கள். தொற்று குணமானது. ஆனால் அதுவரை பருமனாகவே இருந்திராத அவர், சுமார் 62 கிலோவிலிருந்து 16 மாதத்தில் 77 கிலோவுக்கும், மூன்று ஆண்டில் 80 கிலோவுக்கும் போனார். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் பலன் தரவில்லை. கொடுத்த மகளுக்கும் பின்னாளில் எடை கூடியது. 2015-ல் வெளியான இந்தப் பதிவு ஒரே ஒருவரைப் பற்றியது. நோய் குணமாகி நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் காரணமாக இருக்கலாம். எனவே இது நிரூபணம் ஆகாது. ஆனால் நன்மை கடத்தப்படலாம் என்று நம்பினால், தீமையும் கடத்தப்படலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டில் மிக்ஸியையும் எனிமா பையையும் வைத்து இதைச் செய்துகொள்ளச் சொல்லும் வீடியோக்கள் இணையத்தில் உள்ளன. தயவுசெய்து வேண்டாம். ஹெபடைடிஸ், எச்.ஐ.வி., ஒட்டுண்ணிகள், அடங்காத பாக்டீரியாக்கள் எதையுமே கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தியாவில் என்ன நிலை?

இந்திய மருத்துவர்கள் இந்தத் துறையில் பின்தங்கியவர்கள் இல்லை. லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பெருங்குடல் புண் நோய்க்கு எஃப்.எம்.டி. கொடுத்துப் பல ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். டெல்லி எய்ம்ஸ் 2022-ல் அதே நோய் உள்ள 66 பேரிடம் நடத்திய சோதனையில், கிராமப்புறக் கொடையாளர்களின் நுண்ணுயிரிகளையும் அழற்சியைக் குறைக்கும் உணவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அந்தக் குழுவில் 35 பேரில் 23 பேருக்குப் பலன் தெரிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 31 பேரில் 11 பேருக்கே தெரிந்தது. டெல்லியின் கல்லீரல் மற்றும் பித்தநீர் அறிவியல் நிறுவனம், மதுவால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் சோதித்திருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் குடல், கல்லீரல் நோய்களுக்கானவை. எடைக்கோ நீரிழிவுக்கோ இவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது.

வெளிநாட்டு முடிவுகளை அப்படியே இங்கே பொருத்திவிடவும் முடியாது. போபால், கேரளா பகுதிகளைச் சேர்ந்த 110 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு, தாவர உணவு அதிகம் சாப்பிடும் மத்திய இந்தியர்களின் குடலில் ப்ரிவோடெல்லா வகை பாக்டீரியா மேலோங்கியிருப்பதையும், தென்னிந்தியர்களின் குடல் அதிலிருந்து வேறுபடுவதையும் காட்டியது. நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, ஆம்ஸ்டர்டாமில் 'நல்ல கொடையாளர்' என்றால் யார் என்ற இலக்கணம் இங்கே செல்லுமா என்பதே கேள்விதான்.

யாராவது உங்களிடம் இதை விற்க வந்தால்...

குடல் நுண்ணுயிரிப் பரிசோதனை, 'எடை குறைக்கும்' புரோபயாடிக், எஃப்.எம்.டி. பேக்கேஜ் என்று எது வந்தாலும், பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இது எந்த நோய்க்காக அனுமதிக்கப்பட்டது? எனக்கு இருப்பது அந்த நோயா?

2. இது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வா? அப்படியென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே? முறையான ஆய்வில், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

3. கொடையாளர் யார் என்பது தேவையில்லை. ஆனால் அவருக்கு என்னென்ன பரிசோதனை, எப்போது செய்தார்கள்?

4. பலன் என்று எதைச் சொல்கிறீர்கள்? எடையா, இடுப்புச் சுற்றளவா, எச்.பி.ஏ.1சி.யா? எத்தனை மாதம் கழித்து அளந்தது?

5. இது மனிதர்களிடம் வந்த முடிவா, எலிகளிடமா?

இந்த ஐந்துக்கும் நேரான பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். முக்கியமாக, 'குடலைச் சரிசெய்தால் போதும், சுகர் மாத்திரையை நிறுத்திடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பி நிறுத்திவிடாதீர்கள். அதனால் வரும் பாதிப்பு உடனே தெரியாமல், கண்ணிலும் சிறுநீரகத்திலும் மெதுவாகத் தெரியவரும்.

அப்போ இப்போதைக்கு என்ன செய்யலாம்?

குடல் நுண்ணுயிரிகளை மாற்ற நம் கையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அது தட்டில் இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36 பேரிடம் நடத்திய ஆய்வில், தயிர் போன்ற நொதித்த உணவுகளை 10 வாரம் அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிரி வகைகள் பெருகின, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களுக்கு அந்தக் குறுகிய காலத்தில் வகைகள் பெருகவில்லை. இட்லி, தோசை நொதித்த மாவுதான் என்றாலும், வெந்த பிறகு அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. தயிரிலும் மோரிலும் இருக்கும்.

இதனால் எடை குறைந்துவிடும் என்று சொல்லவில்லை. 36 பேர் ஆய்வுக்கும் அதே மூன்று கேள்விகள் பொருந்தும்.

நீரிழிவைத் தடுப்பதில் உறுதியான சான்று வேண்டுமென்றால், அது சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தது. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சி, உணவு மாற்றம் செய்தவர்களில் அது சுமார் 39 சதவீதம். வாழ்க்கைமுறையை மாற்றியும் பத்தில் நான்கு பேருக்கு வந்தது என்பதும் இதே எண்ணில் இருக்கிறது. எனவே நீரிழிவு வந்தவரைப் பார்த்து 'நீங்க சரியா இல்லை' என்று குறை சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. வேறு சிகிச்சைகளைத் தேட வேண்டிய தேவையும் அங்கேதான் இருக்கிறது.

ஆய்வாளர்களும் இப்போது முழு மலத்தையும் மாற்றுவதைத் தாண்டி, எந்த பாக்டீரியா வேலை செய்கிறது என்று தனித்தனியாகத் தேடுகிறார்கள். அக்கர்மான்சியா என்ற ஒரே பாக்டீரியாவை வெப்பத்தால் செயலிழக்கச் செய்து, மூன்று மாதம் கொடுத்த 2019 பெல்ஜியம் ஆய்வில் இன்சுலின் உணர்திறன் முன்னேறியது. ஆனால் அதை முடித்தவர்கள் 32 பேர்தான். எடை சற்றுக் குறைந்தது, ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அடுத்த முறை 'குடல் பாக்டீரியாவால் 10 கிலோ குறைந்தது' என்று தலைப்பு வந்தால், உள்ளே போய் அந்த மூன்று எண்களைத் தேடுங்கள்: எத்தனை பேர், எதை அளந்தார்கள், எத்தனை நாள். மூன்றும் அந்தச் செய்தியில் இல்லையென்றால், உங்கள் பணத்தையும் மாத்திரையையும் தொடாமல் இருப்பதே நல்லது.